எம்பி3 சாம்பிளை நம்பி இசையமைக்கலாமா?

வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லின் மீது விழும்போது ஒரே அடியில் இரண்டு ஒலிகள் பிறக்கின்றன. நாண் அதிர்கிற ஒலி ஒன்று; வில்லில் வரிசையாகக் கட்டியிருக்கும் மணிகள் சிலிர்த்துச் சிதறுகிற ஒலி மற்றொன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு சுடலைமாடன் கோவில் கொடை விழாவில், குழுவினரின் அனுமதியோடு வில், குடம், உடுக்கு, ஜால்ரா என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டு வந்து, அவற்றிலிருந்து வெட்டிய சாம்பிள்களை, அதாவது ஒலித்துணுக்குகளை, பாட்டின் சுருதிக்கு ஏற்ப நான்கு அரைச்சுரம் இறக்கி, ஒரு தாளக்கட்டு அமைத்து, குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவியிடமே போட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "வில்லு இருக்கு மக்கா, மணியை எங்க கொண்டு போட்ட?" என்றார். ரெக்கார்டரின் கார்டில் இடம் மிச்சமாகட்டும் என்று அன்றைக்கு நான் 128 கிலோபிட் எம்பி3 ஆகப் பதிவு செய்திருந்தேன்.

குடத்தைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அதே கார்டு, அதே எம்பி3, அதே இரவு. ஆனாலும் குடம் தப்பித்தது, மணி மாட்டிக்கொண்டது. சுருக்கிய ஒலிக்கோப்பை இசைத் தயாரிப்பில் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு "கூடும்" என்றோ "கூடாது" என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். அது என்ன ஒலி, அதை வைத்து அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டையும் கேட்ட பிறகுதான் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதை, கேட்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஸ்டுடியோவில் "கம்ப்ரெஷன்" என்றால் பெரும்பாலும் ஓசையின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரெஸரைத்தான் குறிப்பிடுவோம். இந்தக் கட்டுரையில் "சுருக்கம்" என்று வருவதெல்லாம் கோப்பின் அளவைக் குறைக்கும் சுருக்கத்தையே குறிக்கும். அதிலும் இரண்டு வகை உண்டு. ஃபிளாக், ஆப்பிள் லாஸ்லெஸ் போன்றவை ஒரு எண்ணைக்கூட இழக்காமல் மடித்து வைப்பவை. பிரித்தால் சுருக்கப்படாத மூல வேவ் கோப்பு அப்படியே கிடைக்கும். எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ், ஓபஸ் ஆகியவை சிலவற்றைத் தூக்கியெறிந்து சுருக்குபவை. சாம்பிள்களை வாசிக்க உதவும் கான்டாக்ட் என்ற சாம்ப்ளர் மென்பொருளின் என்சிடபிள்யூ கோப்புகளும் இழப்பில்லாத வகையைச் சேர்ந்தவைதான். எனவே "கம்ப்ரெஸ்டு சாம்பிள்" என்ற சொல்லைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை. இனி நாம் பேசப்போவது முழுக்க இழப்புள்ள வகையைப் பற்றியே.

எது போகிறது, எது தங்குகிறது

எம்பி3 ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் வேறு சில குழுக்களும் உருவாக்கி, 1993இல் எம்பெக்-1 தரத்தின் ஒரு பகுதியாக வெளியான முறை. அது மனிதக் காதின் பலவீனத்தை நம்பி வேலை செய்கிறது. தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுத்தால் நமக்குக் கேட்காது. பலத்த ஒலி ஒன்று தன்னையொட்டிய அலைவரிசைகளில் உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். எம்பி3 என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் 576 அலைவரிசைக் கோடுகளாகப் பிரித்து, எந்தக் கோட்டில் எவ்வளவு பிழை இருந்தாலும் காது கண்டுகொள்ளாது என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குத் துல்லியத்தைக் குறைத்துவிடுகிறது. பிழை இல்லாமல் போவதில்லை; பலத்த ஒலியின் நிழலில் ஒளித்து வைக்கப்படுகிறது.

கேட்பவருக்கு இது போதும். தயாரிப்பவருக்கு இதில்தான் சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் நம்முடைய வேலையே அந்த நிழலைக் கலைப்பது. அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் மேல் அலைவரிசையை 8 டெசிபல் உயர்த்துகிறோம், கம்ப்ரெஸரைப் போட்டு மெல்லிய வால் பகுதியை மேலே இழுக்கிறோம், சுருதியை இறக்குகிறோம், வேகத்தை நீட்டுகிறோம், குரலைத் தனியே பிரித்தெடுக்கிறோம். என்கோடர் எந்தச் சமநிலையை நம்பிப் பிழையை ஒளித்து வைத்ததோ, அந்தச் சமநிலையை ஒவ்வொன்றாகக் குலைக்கிறோம். பெரிய ஒலியைத் தணித்த பிறகு அதன் பின்னால் ஒளிந்திருந்த சலசலப்பு வெளியே வந்து நிற்கும்.

அடுத்தது உச்சவரம்பு. 128 கிலோபிட்டில் பெரும்பாலான என்கோடர்கள் ஏறத்தாழ 16 முதல் 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அனைத்தையும் வெட்டிவிடும். 320இல் அந்த வெட்டு 20 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். நாற்பது வயதைக் கடந்த பலருக்கு 16க்கு மேல் எப்படியும் சரியாகக் கேட்பதில்லை என்பதால் இதில் என்ன நட்டம் என்று தோன்றலாம். சுருதியை இறக்கும்போதுதான் நட்டம் தெரியும். ஒரு சாம்பிளை முழு ஸ்தாயி இறக்கினால் 16 கிலோஹெர்ட்ஸில் இருந்த சுவர் 8 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அரை ஸ்தாயி, அதாவது ஆறு அரைச்சுரம் இறக்கினால் ஏறத்தாழ 11.3. என் வில்லோசையை நான்கு அரைச்சுரம் இறக்கியதில் சுவர் 12.7 கிலோஹெர்ட்ஸில் வந்து நின்றது. மணியின் சிலிர்ப்பு இருப்பது அதற்கு மேலேயும் அதை ஒட்டியும்தான். அதற்குக் கீழே எஞ்சியிருந்ததும் 128 கிலோபிட்டின் துல்லியக் குறைவால் மணலை அரைப்பது போல ஆகியிருந்தது. குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கிற "கும்" ஒலியின் உயிர் சில நூறு ஹெர்ட்ஸுக்குள்ளேயே இருப்பதால், என்கோடர் அதற்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கியிருந்தது.

மூன்றாவது குறை தாளக்கருவிக்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. என்கோடர் துண்டு துண்டாக வேலை செய்வதால், ஒரு துண்டின் நடுவில் திடீரென்று ஒரு பலத்த அடி விழுந்தால், அந்த அடிக்கான பிழை துண்டு முழுவதும் பரவும். அடி விழுவதற்கு முன்னிருந்த அமைதியிலும் பரவும். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் சிங்காரி மேளத்தில் கேட்கிற செண்டை அடியை 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி உருப்பெருக்கிப் பார்த்தால், அடி விழும் முன்பே ஒரு மெல்லிய "ஷ்" என்ற முன்னோசை தொடங்கிவிடுவது தெரியும். 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதியும்போது, 576 அளவீடு கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ 13 மில்லிநொடி. பலத்த ஒலிக்கு முன்னால் வரும் சத்தத்தைச் சில மில்லிநொடி அளவுக்குத்தான் காது மன்னிக்கும். நல்ல என்கோடர்கள் இத்தகைய இடங்களில் 192 அளவீடு கொண்ட குறுந்துண்டுகளுக்கு மாறிக்கொள்ளும். ஆனாலும் குறைந்த பிட்ரேட்டில் அடியின் கூர்மை மழுங்கத்தான் செய்யும். தனியாகக் கேட்டால் இது பெரிதாகத் தோன்றாது. அந்த அடியை மூன்று அடுக்காக வைத்து, மேலே ஒரு கம்ப்ரெஸரையும் போட்டீர்களானால், செண்டை அடிப்பது போலல்லாமல் செண்டை உறைக்குள் இருந்து அடிப்பது போல இருக்கும்.

இரைச்சல் வகை ஒலிகளும் எம்பி3க்கு எதிரிகளே. முட்டம் பாறையில் மோதும் அலை, திற்பரப்பு அருவி, ரப்பர் தோட்டத்து இலைகளின் மேல் விழும் மழை, கொடை விழாவில் கூட்டத்தின் குரவை ஆகியவற்றில் எல்லா அலைவரிசையிலும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் எதை விட்டுவிடலாம் என்று என்கோடருக்குத் தெரியாது. பிட்டுகள் போதாமல் துண்டுக்குத் துண்டு முடிவை மாற்றிக்கொண்டே இருக்கும். 128இல் அலையோசையைக் கேட்டால் அலைக்குள்ளே இன்னோர் அலை குலுங்குவது போன்ற செயற்கையான சுழற்சி கேட்பது இதனால்தான். இரண்டு பருவமழையும் வாய்த்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழையைப் பதிவு செய்ய வருபவர்கள் அதை எம்பி3 ஆக எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஸ்டீரியோ பற்றி ஒரு வரி போதும்: குறைந்த பிட்ரேட்டில் இடது, வலது இரண்டுக்கும் பொதுவான பகுதிக்கு முன்னுரிமை தரப்பட்டு, வேறுபாட்டுப் பகுதி சிக்கனமாகக் கையாளப்படுவதால், அத்தகைய சாம்பிளை ஸ்டீரியோ விரிப்பான் பிளக்இன்னில் போட்டு அகலமாக்கினால் முதலில் வெளிவருவது குப்பைதான்.

இவ்வளவு சொன்னாலும், 320 கிலோபிட் எம்பி3யையும் வேவையும் அடுத்தடுத்துப் போட்டால், எந்த மாற்றமும் செய்யாத நிலையில், என்னால் பெரும்பாலான ஒலிகளில் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒலி தனியாக நிற்காமல் பாட்டின் நடுவில் பத்தோடு பதினொன்றாகக் கரைந்துவிடும் இடங்களிலும், வேண்டுமென்றே பழைய ரேடியோ போன்ற அழுக்கான ஓசை வேண்டும் இடங்களிலும், பாட்டின் முதல் வரைவைக் கட்டும்போதும் நல்ல எம்பி3யோ ஏஏசியோ போதும். 1987இல் வந்த ஈ-மூ எஸ்பி-1200 சாம்ப்ளர் 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில்தான் பதிவு செய்தது. மொத்தம் ஏறத்தாழ 10 நொடிதான் அதில் அடங்கும். அதை வைத்து அமெரிக்க ஹிப்ஹாப்பில் ஒரு தலைமுறையே தாளம் கட்டியது. ஆனால் அந்தக் கருவியின் கரடுமுரடு எல்லா ஒலியிலும் ஒரே சீராக இருந்தது. இறக்கினாலும் ஏற்றினாலும் அது ஒரு குணமாகவே நின்றது. எம்பி3யின் பிழை நொடிக்கு நொடி இடம் மாறிக்கொண்டிருப்பதால், அதை ஒரு குணமாக வளர்த்தெடுப்பது கடினம். இதனால்தான் "பழைய சாம்ப்ளரே மோசமாகத்தானே இருந்தது" என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

லூப்பில் மறைந்திருக்கும் 37 மில்லிநொடி

ஒலியின் தரத்தைவிட அன்றாட வேலையில் அதிகமாகத் தொல்லை தருவது இது. எம்பி3 கோப்பு 1152 அளவீடுகள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்களாக) அடுக்கப்படுகிறது. கோப்பின் நீளம் எப்போதும் அதன் முழு மடங்காகவே இருக்க வேண்டும். அதோடு, பரவலாகப் பயன்படும் லேம் என்கோடர் தொடக்கத்தில் 576 அளவீடுகளைச் சேர்க்கிறது. கோப்பைத் திறக்கும் மென்பொருள் தன் பங்குக்கு 529 அளவீடுகளைத் தாமதிக்கிறது. ஆக, ஒலி 1105 அளவீடுகள், அதாவது 25 மில்லிநொடி பிந்தித்தான் தொடங்கும்.

நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் நான்கு அடி கொண்ட, திரும்பத் திரும்பச் சுற்றவிடும் ஓர் உடுக்கு லூப்பை எடுத்துக்கொள்வோம். அது மிகச் சரியாக 2 நொடி, 44.1 கிலோஹெர்ட்ஸில் 88,200 அளவீடுகள். அதை எம்பி3 ஆக்கித் திறந்தால் 78 சட்டங்கள், 89,856 அளவீடுகள் என்று வந்து நிற்கும். அதிகப்படியான 1,656 அளவீடுகள் ஏறத்தாழ 37.5 மில்லிநொடிக்குச் சமம். எட்டு முறை சுற்றுவதற்குள் 300 மில்லிநொடி பிந்திவிடும். இந்த வேகத்தில் ஓர் அடியே 500 மில்லிநொடிதான் என்பதால், ஜால்ரா ஒரு பக்கமும் உடுக்கு ஒரு பக்கமுமாக ஓடும். எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற குறிப்பை லேம் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதி வைக்கிறது. சில மென்பொருள்கள் அதைப் படித்துத் தாமாகவே வெட்டிக்கொள்கின்றன, சில கண்டுகொள்வதில்லை. உங்கள் மென்பொருள் எந்த வகை என்பதைச் சோதித்துப் பார்க்க, நீளம் தெரிந்த ஒரு வேவ் லூப்பை எம்பி3 ஆக்கி, மீண்டும் திறந்து, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து உருப்பெருக்கிப் பார்த்தால் போதும்.

எம்பி3 லூப்பைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், முதலில் அதை வேவ் ஆக மாற்றி, முதல் அடியின் விளிம்பு வரை முன்பகுதியை வெட்டி, நீளத்தைக் கணக்கிட்டுச் சரியான அளவீட்டில் முடித்து, அதன் பிறகே தாளத்தில் பொருத்த வேண்டும். மென்பொருளின் நீட்டும் வசதி இதைச் சரிசெய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அது வெற்றிடத்தையும் சேர்த்தே நீட்டும்.

கேட்டுச் சோதிப்பதும் பார்த்துச் சோதிப்பதும்

ஒரு முறை ஓர் இணையதளத்தில் பணம் கொடுத்து வாங்கிய சாம்பிள் தொகுப்பில் எல்லாக் கோப்புகளும் வேவ் என்ற பெயரோடு, 24 பிட் என்ற அடையாளத்தோடு வந்திருந்தன. திறந்து பார்த்தபோது ஒவ்வொன்றிலும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்தது போன்ற சுவர் தெரிந்தது. யாரோ எம்பி3க்களை எடுத்து வேவ் சட்டை மாட்டி விற்றிருக்கிறார்கள். கறந்த பால் மடி புகாது, கருவாடு மீன் ஆகாது; எம்பி3யை வேவ் ஆக்கினால் கோப்பு பெரிதாகுமே தவிர போன ஒலி திரும்பாது.

இதை நீங்களே பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து, காட்சியை ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றி, அலைவரிசையின் மேல் எல்லையை 22 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்த்தி, அளவுகோலை நேர்கோட்டு முறையில் வையுங்கள். இயற்கையான பதிவில் மேல் பகுதி நெருப்பின் நுனி போல ஒழுங்கில்லாமல் மங்கி முடியும். இழப்புள்ள சுருக்கத்தைக் கடந்து வந்த பதிவில் ஒரே நேர்கோட்டில் அறுந்து நிற்கும். சில இடங்களில் சதுரம் சதுரமான கருப்பு ஓட்டைகளும் தெரியும். ஸ்பெக் என்ற சிறிய மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டாலும் இதே படம் ஒரு நொடியில் கிடைத்துவிடும்.

ஆனால் சுவரைக் கண்டதும் எம்பி3 என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பண்பலை வானொலியின் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதால், நாகர்கோவில் வானொலியிலிருந்து யாரோ அந்தக் காலத்தில் கேசட்டில் பிடித்து வைத்த வில்லிசையை இன்று 24 பிட் வேவ் ஆக மாற்றினாலும் சுவர் அங்கேதான் இருக்கும். அது ஏமாற்று அல்ல, மூலமே அவ்வளவுதான். படம் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்பைக் காதுதான் சொல்ல வேண்டும்.

காதைச் சோதிக்கும்போது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது எளிது. "இது வேவ்" என்று தெரிந்து கேட்டால் வேவ் இனிக்கும். விண்டோஸில் ஃபூபார்2000 மென்பொருளுக்கு ஏபிஎக்ஸ் என்ற இணைப்பு கிடைக்கிறது. எது எது என்று மறைத்து வைத்து மாற்றி மாற்றிக் கேட்கச் செய்யும். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நடந்திருக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. மென்பொருள் இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள்.

சாம்பிளை வெறுமனே கேட்டுச் சோதிப்பது கேட்பவரின் சோதனைதான், தயாரிப்பாளரின் சோதனை அதிலிருந்து வேறுபட்டது. பாட்டில் எதைச் செய்யப் போகிறீர்களோ அதையே இரண்டு கோப்புகளுக்கும் செய்துவிட்டுக் கேட்க வேண்டும்: ஆறு அரைச்சுரம் இறக்குங்கள், நேரத்தை ஒன்றரை மடங்கு நீட்டுங்கள், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 8 டெசிபல் உயர்த்துங்கள், கம்ப்ரெஸரை அழுத்தமாகப் போடுங்கள். 320 கிலோபிட் குடம் இந்த நான்கையும் தாண்டி வந்தது. 320 கிலோபிட் ஜால்ரா நீட்டும்போது லேசாகக் கரகரத்தது. 128 கிலோபிட் ஜால்ரா முதல் சோதனையிலேயே விழுந்துவிட்டது. இவை என் பதிவுகளின் முடிவுகள். உங்கள் ஒலிக்கு நீங்களே செய்து பாருங்கள், கால் மணி நேரம் போதும்.

சிலர் வேவின் அலையைத் தலைகீழாக்கி எம்பி3யோடு சேர்த்து, மிஞ்சுவதைக் கேட்டு, "இவ்வளவும் போய்விட்டதா" என்று திகைப்பதுண்டு. முன்னே சொன்ன 1105 அளவீட்டுத் தாமதத்தைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் பாட்டே திரும்பக் கேட்கும், அதற்கு ஒரு பொருளும் இல்லை. சரியாகப் பொருத்திச் செய்தாலும், மிஞ்சுகிற ஒலி பெரும்பாலும் மறைப்பின் நிழலில் இருந்ததுதான். தனியே எடுத்துக் கேட்டால் எதுவும் பெரிதாகத்தான் தோன்றும். அந்தச் சோதனையை வைத்துப் பயப்பட வேண்டாம்.

எம்பி3 மட்டுமே கையில் இருந்தால்

அண்ணாவி மறைந்துவிட்டார், குழு கலைந்துவிட்டது, பேரனின் கைபேசியில் ஓர் எம்பி3 மட்டும் இருக்கிறது என்ற நிலை நம் பக்கம் அடிக்கடி நேர்கிறது. அப்போது தரம் பேசி ஒதுக்கிவிட முடியாது. முதலில் கோப்பை ஒரே ஒரு முறை 32 பிட் ஃபுளோட் வேவ் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். உச்சத்தைத் தொட்டு நிற்கும் பாட்டை எம்பி3 ஆக்கினால், திறக்கும்போது சில இடங்களில் அலை பூஜ்ஜிய டெசிபல் என்ற உச்ச எல்லையையும் தாண்டும். 16 பிட்டில் மாற்றினால் அந்த இடங்கள் வெட்டுப்பட்டு நொறுங்கும், ஃபுளோட்டில் மாற்றி ஓசையைச் சில டெசிபல் குறைத்தால் பத்திரமாக இருக்கும். அதன் பிறகு எத்தனை முறை திருத்தினாலும் வேவ் ஆகவே சேமியுங்கள். ஒவ்வொரு முறை எம்பி3 ஆகச் சேமிப்பதும் புதிதாக ஒரு முறை சல்லடையில் போடுவதுதான்.

தாள அடிகளில் முன்னோசை இருக்கிறதா என்று உருப்பெருக்கிப் பார்த்து, அடியின் விளிம்பு வரை அதை வெட்டி, ஒன்றிரண்டு மில்லிநொடியில் ஒலி மேலெழும்படி வையுங்கள். இந்த ஒரு சிறு வேலையே பாதி மழுக்கத்தைப் போக்கிவிடும். மேல் அலைவரிசையில் கரகரப்பு இருந்தால் அதை உயர்த்தி மீட்க முயல வேண்டாம். மாறாக 10 அல்லது 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெதுவாக இறக்கிவிட்டு, அந்த இடத்தில் நீங்களே பதிவு செய்த ஒரு ஜால்ராவையோ மணியையோ மெல்லிய ஓசையில் உடன் வையுங்கள். உடல் பழையது, சிலிர்ப்பு புதியது என்று கேட்பவருக்குப் பிரித்துத் தெரியாது. சுருதியைப் பொறுத்தவரை, சாம்பிளை இறக்காமல் பாட்டை அதன் சுருதிக்கு மாற்ற முடியுமா என்று பாடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பல நேரம் முடியும்.

பதிவு செய்யும்போதும் அனுப்பும்போதும்

கையடக்க ரெக்கார்டரை வாங்கியவுடன் அமைப்புகளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் என்று மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள். பல கைபேசிகளின் பதிவுச் செயலிகள் இயல்பாக ஏஏசியில்தான் பதிவு செய்கின்றன. வேவ் வசதி உள்ள செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். ஓசையின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும். ஆரல்வாய்மொழிப் பக்கமோ கடற்கரையிலோ பதிவு செய்தால் மைக்குக்குக் காற்றுறை இல்லாமல் போகாதீர்கள். காற்று மோதிய பதிவை எந்த பிட்ரேட்டும் காப்பாற்றாது.

இடம் மிச்சம் என்ற கணக்கு ஒற்றை அடிகளைப் பொறுத்தவரை பொருளற்றது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் நொடிக்கு 176 கிலோபைட். ஒரு நொடி நீளமுள்ள 1,000 அடிகள் 176 மெகாபைட். அவற்றையே 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 40 மெகாபைட். மிச்சம் 136 மெகாபைட், அதற்காக முன்னோசையையும் தாமதத்தையும் சுமக்க வேண்டியதில்லை. நீண்ட பதிவுகளில்தான் இடம் உண்மையிலேயே உறுத்தும்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர மழை ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். அதை ஃபிளாக்கில் வையுங்கள். இசைக்கு அது பாதிக்குப் பாதி வரை சுருக்கும். மழை, அலை போன்ற இரைச்சலுக்குச் சுருக்கம் குறைவாகவே கிடைக்கும், ஆனால் எதுவும் போகாது. உங்கள் சாம்ப்ளர் ஃபிளாக்கைப் படிக்கவில்லை என்றால் தேவைப்படும்போது வேவ் ஆக விரித்துக்கொள்ளலாம்.

பதிவை நண்பருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பேசி அனுப்புவது, ஸ்பீக்கரில் போட்டு மீண்டும் பிடித்து அனுப்புவது போன்ற வேலைகள் வேண்டாம். குரல் செய்தி குறைந்த பிட்ரேட் ஓபஸ் ஆகத்தான் போகும். வேவ் கோப்பையே "டாக்குமென்ட்" என்ற வழியில் இணைத்தால் மாறாமல் போய்ச்சேரும். எம்பி3யிலிருந்து வந்த சாம்பிள் எதுவானாலும் கோப்பின் பெயரிலேயே அதைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது.

"கடைசியில் கொடையில் மைக் செட்டுக்காரர் பென்டிரைவில் எம்பி3 ஆகத்தானே போடப் போகிறார், குழாய் ஸ்பீக்கரில் மணி ஓசை எங்கே வரப்போகிறது" என்று என்னிடம் வாதிடுபவர்கள் உண்டு. சரிதான். யூடியூபும் ஏஏசியாகவோ ஓபஸ் ஆகவோ சுருக்கித்தான் தருகிறது, ப்ளூடூத் ஹெட்போன் அதை இன்னொரு முறை சுருக்குகிறது. அத்தனை சல்லடைகள் பின்னால் காத்திருக்கின்றன என்பதே முதல் சல்லடையைத் தவிர்க்கக் காரணம்; ஒரு என்கோடர் விட்டுச்சென்ற பிழையை அடுத்த என்கோடர் இசை என்று நம்பி, அதற்கும் பிட்டுகளைச் செலவழிக்கும். வெளியீட்டுக்கு அனுப்பும் இறுதிக் கோப்பான மாஸ்டர் வேவ் அல்லது ஃபிளாக் ஆக இருக்கட்டும், அதன் உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

அண்ணாவியிடம் மறுபடி போனபோது கொடைக் காலம் முடிந்திருந்தது. அவர் வீட்டுத் திண்ணையில், பின்மதியத்தில், தெருவில் வண்டி போகாத இடைவெளி பார்த்து, வில்லில் நாற்பது அடிகள் அடித்துத் தந்தார். மெல்ல, ஓங்கி, நடுவில், ஓரத்தில் என்று. ஒவ்வொன்றுக்கும் மணிகள் முழுவதும் அடங்கும் வரை ஐந்து நொடி காத்திருந்தோம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் நாற்பதும் சேர்ந்து 58 மெகாபைட்டுக்கும் குறைவாகவே வந்தது. அவற்றில் ஏழாவது அடியில் பக்கத்து வீட்டுக் கோழி கூவுகிறது. அதை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற முப்பத்தொன்பதை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன், நான்கு அரைச்சுரம் இறக்கியும்.